ஐம்பதுக்கு வெளியே

முதுநகரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும்
நாலே முக்கால் பேருந்து.
மடியில் மதிப்பெண் பதிவேடு.
செம்மண்டலம் சிக்னலில் வண்டி நின்றபோது
ஏழாம் வகுப்பு, வரிசை எண் முப்பத்தொன்று,
பெரியநாயகியின் கட்டங்கள்
என்னைப் பார்த்தன:

23, 29, 31, 37,
41, 43, 47.

மூன்று மாதமாய்ச் சிவப்பு மையில்
'முன்னேற்றம்' என்று எழுதி வந்திருக்கிறேன்.

பச்சை விழுந்தது.
எனக்குக் கொஞ்சம் தாமதமாக.

பகா எண்கள்.
வரிசை பிசகாமல், ஒன்றைக்கூட விடாமல்.

இப்படித் தப்புச் செய்ய
எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.
எந்த வரிக்கு நான் ஒரு மதிப்பெண் குறைப்பேன்,
எதற்கு இரக்கப்பட்டுப் போட்டுவிடுவேன் என்பதும்.
அவள் என்னைப் படித்து முடித்திருக்கிறாள்.
நான் அவள் தாளைத் திருத்தியிருக்கிறேன்,
அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள்.
முடித்தவளுக்கு என்னிடம் என்ன இருந்தது?
'கைகட்டி உட்காரு.'
'ஆபீஸ் ரூம்ல சாக்பீஸ் வாங்கிட்டு வா.'
'எட்டிப் பாக்காத, அவங்களும் முடிக்கட்டும்.'
போன வாரம் பீரோவை அடுக்கச் சொன்னேன்.
புத்தகங்களைப் பக்க எண்ணிக்கை வரிசையில்
அடுக்கி வைத்திருந்தாள்.
திட்டினேன்.
கலைத்துவிட்டுப் பாடவாரியாக வைத்தாள்,
ஒரு சொல் பேசாமல்.

தேர்வோ ஐம்பதுக்கு.
நாற்பத்தேழு தாண்டினால்
அதற்குள் அவளுக்கு இடமில்லை.
வரும் வெள்ளிக்கிழமை என்ன செய்வாள்?
எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு
ஐம்பதோடு நின்றுவிடுவாளோ என்று
ஒரு ஆசிரியைக்கு வரக்கூடாத பயம் வந்தது.

மறுநாள் புத்தகத்தை மூடச் சொல்லிக் கேட்டேன்:
பன்னிரண்டு மீனை, மிச்சமில்லாமல்,
எத்தனை கூறாகக் கட்டலாம்?

தேசிங்கு எழுந்தான்.
கணக்கு வகுப்பைத் தூக்கத்துக்கு ஒதுக்கியவன்.
அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்து விற்பவள்.
'ரெண்டா, மூணா, நாலா, ஆறா.
பதிமூணு ஆயிட்டா ஒண்ணும் கட்ட முடியாது டீச்சர்.
ஒண்ண எடுத்து அம்மா தனியா வச்சிக்கும்.
அன்னிக்கு எங்க வூட்ல கொழம்பு.'

'அப்ப பதினேழுக்கும் கொழம்பு!' ரவூஃப்.
'பத்தொன்பது கொழம்பு!'
'இருபத்தொண்ணு!'
'போடா, அது ஏழேழா மூணு கூறு.'
கரும்பலகை நிறையக் குழம்பு.
சிப்காட் பக்கமிருந்து அந்தக் காற்று வந்தும்
யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

பெரியநாயகி மட்டும் சிரிக்கவில்லை.
ஒளித்து வைத்ததை
யாரோ கையில் எடுத்துவிட்டதுபோல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைத் தாளில்
கடைசியாக ஒரு கேள்வி கூட்டினேன்.
மூன்று மதிப்பெண்.
'23, 29, 31, 37, 41, 43, 47.
அடுத்து எது? ஏன்?'

'டீச்சர், கூட்டினா அம்பத்து மூணு வருது.
தப்பாப் போட்டுட்டீங்க.'
'இல்ல, எழுதுங்க' என்றேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு பேனா
மூடி திறந்தபடி அப்படியே நின்றது.
பிறகு ஓடியது.
மணியடிக்கும்வரை நிற்கவில்லை.

தேசிங்குக்குப் பதினொன்று.
தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறான்:
'என்னையும் கூறு கட்ட முடியாது டீச்சர்!'
அவனுக்கு நான் இன்னும் எவ்வளவோ பாக்கி.

பெரியநாயகிக்கு ஐம்பத்து மூன்று.
அடித்தல் திருத்தல் இல்லை.
கடைசி விடைக்குக் கீழே
பென்சிலில், சின்ன எழுத்தில்:
'அடுத்து 59 வரும்.
ஆறு மார்க்குக்குக் கேள்வி இருக்கா டீச்சர்?'

அதே நாலே முக்கால் பேருந்து.
ஆறு மதிப்பெண்.
எனக்கே விடை தெரியாததாக இருக்க வேண்டும்.
தேசிங்கும் உள்ளே வர ஒரு வாசல் வேண்டும்.
டிக்கெட்டின் பின்புறம் எழுதி, அடித்து,
மறுபடி எழுதி...

ஆலையின் சர்க்கரைப்பாகு வாடை எப்போதோ வந்து
எப்போதோ போயிருக்கிறது.
'மேடம், உங்க ஸ்டாப்பிங் தாண்டிருச்சே'
என்கிறார் நடத்துநர்.
இருக்கட்டும் என்கிறேன்.
பாதிக் கேள்வி வந்திருக்கிறது.