இடது மறை

சீட்டுப் பணம் பதினெட்டாயிரத்துக்கு ஈடாக
ஞானசிகாமணி தள்ளிக்கொண்டு வந்து
வாசலில் சாய்த்துவிட்டுப் போனது
எண்பத்தாறாம் வருடத்து யெஸ்டி.
கிக்கருக்கும் கியருக்கும் ஒரே கம்பி.
அதை எப்படி மடக்குவது என்றுகூடச் சொல்லவில்லை.

மெக்கானிக்குகள் மூவர் பார்த்தார்கள்.
ஒருவர் சிரித்தார். ஒருவர் எடைக்குக் கேட்டார்.
மூன்றாமவர் டீயை ஊதியபடி
"புக்கு இருந்தா நீயே பிரிக்கலாமே" என்றார்.

புக்கு.
ஆற்காடு சாலையில் அப்படி ஒன்று உண்டா என்றார்கள்.
ராணிப்பேட்டையில் ஒருவரிடம் இருந்ததாம்,
மாப்பிள்ளை பெங்களூருக்கு எடுத்துப் போனாராம்.
கடைசியில் காகிதப்பட்டறை,
பேருக்கு ஏற்ற பழைய பேப்பர் கடை.
"அரைக் கிலோவுக்குக் கம்மியா போடறதில்ல கண்ணு,
கூட இன்னாத்தயாச்சும் சேத்து எடுத்துகினு போ."
புத்தகம் இருநூறு கிராம்.
மீதி முந்நூறுக்கு
பிளஸ் டூ விலங்கியல் நோட்ஸும்
யாருடைய ஜாதகமோ ஒன்றும் வந்தன.

முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை.
ஓரமெல்லாம் பச்சை மையில் உருது.
எனக்கு அது
வலமிருந்து இடம் போகும் எறும்பு வரிசை.

ரத்தம் எடுக்கிற உத்தியோகம் என்னுடையது.
இருபத்தாறாம் நம்பர் ஊசியால்
பைலட் ஜெட்டின் அடைப்பை எடுத்தேன்.
சிரிஞ்சில் ஆயில் அளந்து பெட்ரோலில் கலந்தேன்.
பாயிண்ட் இடைவெளி
பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர் என்றது பன்னிரண்டாம் பக்கம்.
கேஜ் இல்லை.
தரையில் கிடந்து எடுத்த
ஆஸ்பத்திரி அட்டையைச் செருகிப் பார்த்தேன்:
சிக்கியும் சிக்காமலும் வந்தது.
யாருக்கோ
ஜூன் ஒன்பது, காலை எட்டரை, சிறுநீரகப் பிரிவு.

பெட்ரோல் டேப்புக்கு வாஷர் எங்கும் இல்லை.
பேரணாம்பட்டுத் தோல் துண்டில்
பேனா மூடியால் வட்டம் போட்டு வெட்டினேன்.
இரண்டு நாள் ஒழுகி, ஊறி,
அதுவாகவே அடைத்துக்கொண்டது.

கிளட்ச் நட்டு மட்டும்
மூன்று ராத்திரி.
மண்ணெண்ணெய் ஊற்றினேன்.
ஸ்பேனரில் குழாய் செருகி
மேலேறி நின்றேன்.
கீழ்வீட்டு உமாபதி கைலியை மடித்துக் கட்டி வந்தார்,
தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு போனார்.

கார்க் பிளேட் கேட்டு
சைதாப்பேட்டைக் கடைக்குப் போனபோது
கல்லாவில் தௌலத்.
படத்தைக் காட்டினேன்.
படத்தை விட்டுப் பச்சை மையை வாசித்தாள்.
என் கைக் கொப்புளத்தைப் பார்த்தாள்.
"உல்டான்னு எழுதிக்கீதுக்கா. இடது மறை.
நீங்க இறுக்கிகினே இருந்திருக்கீங்க."

மூன்று ராத்திரியும்.

இன்னும் சில வாசித்தாள்:
செயின் மாற்றிய தேதி,
குடியாத்தம் போய்வர ஆன பெட்ரோல்.
ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் நீளமாக ஒன்று.
உதடு அசையாமல் படித்து
புத்தகத்தை மூடினாள்.
"இது வண்டிக்கு இல்ல."
பிளேட்டில் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டாள்.

வலப்பக்கம் திருப்பினேன்.
ஒரே ஒரு கிறீச்.
அப்புறம் விரலாலேயே சுற்றிக் கழற்றினேன்,
இதற்கா இத்தனை என்று வெட்கமாக இருந்தது.

பதினாறோ பதினேழோ, உதையை எண்ணவில்லை.
இரண்டு சைலன்சரும் மாறி மாறி இருமி
சத்துவாச்சாரித் தெரு முழுக்க நீலப் புகை.
மணி ஒன்றரை.
ஜன்னலைத் திறந்து திட்டினார் உமாபதி.
கொஞ்ச நேரம் கழித்து அதே ஜன்னலிலிருந்து,
"சத்தம் நல்லாத்தான் கீது."

பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது.
அது இருக்கட்டும்.

விரித்த துணியில் இரண்டு வாஷர் மிச்சம்.
எந்தப் படத்திலும் இல்லை.
முப்பத்தொன்றில் இருக்கலாம்.
தீப்பெட்டியில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.
டூட்டிக்குப் போகிறேன், வருகிறேன்.
எங்கே கழன்றவை என்று தெரிகிறவரைக்கும்
பாலாற்றுப் பாலம் ஏறுவதில்லை.