பதினேழாம் தட்டு

குளுகோர் ஆய்வுக்கூடம். இரவு பத்தரை.
ஜெலுத்தோங் சந்தையில் வாங்கிய சாவிக்கீரையை
மூன்று தண்ணீரில் அலசி
ஐம்பது காசு அளவுக்கு வட்டம் வட்டமாக வெட்டினேன்.
தட்டுக்கு இரண்டு வட்டம்:
ஒன்று வேம்பில் நனைந்தது, மற்றது வெறும் தண்ணீரில்.
நடுவில் ஒரு புழு.
காலையிலிருந்து அதைப் பட்டினி போட்டது நான்தான்.

வேம்பின் விளிம்பு வந்ததும்
வாயோரத்துக் குட்டி விரல்கள்
இருமுறை தொட்டுப் பார்க்கின்றன.
சுளிக்க அதற்கு முகமில்லை.
தலையைத் தூக்கி
இடமும் வலமுமாக ஆட்டுகிறது.
அவ்வளவுதான் மறுப்பு.
பிறகு உடம்பை மடித்துத் திரும்பி
தண்ணீர் வட்டத்தில் போய் விழுகிறது.

கட்டத்தாளை மேலே வைத்துத்
தின்ற இடத்தை எண்ண வேண்டும்.
வேண்டாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு,
இரண்டு தசம இடங்களோடு.

"பசியாறியாச்சா அமுதா?"
காவலுக்கு இருக்கும் குணாளன் அண்ணன்
கதவைத் திறந்து கேட்டுவிட்டுப் போகிறார்.
சுங்கை டுவாவில் கட்டி வாங்கிய நாசி கண்டார்
மேசையில் ஆறிக்கிடக்கிறது.
கேட்காமலே பாகற்காய் வைத்திருக்கிறான்.
ஓரமாக ஒதுக்கினேன்.

மூன்றாம் இரவு தண்ணீர் வட்டம் கிடையாது.
எங்கு போனாலும் வேம்பு.
ஒற்றைப்படைத் தட்டுகளில்
சுத்திகரித்து எடுத்த ஒரே ஒரு கசப்பு,
பெயர் ஒட்டிக் குளிர்பெட்டியில் இருப்பது.
இரட்டைப்படையில்
கொட்டையை இடித்து அப்படியே கரைத்த சாறு;
அதில் எத்தனை கசப்பு என்று
யாரும் முழுதாக எண்ணியதில்லை.

பதினேழு
தட்டின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.
ஈரத்தாளைக் கடித்துப் பார்த்தது.
பாலத்தில் லாரிகள் குறைந்த நேரத்தில்
ஒரு கடி.
நின்றது.
அரைமணி கழித்து இன்னொன்று.
விடியும்போது இலையில் பாதி இல்லை.

ஹஸ்லிண்டா குனிந்து பார்த்து
"சுடா பியாசா" என்றாள்.
பழகிவிட்டதாம்.
பழக்கமா, பசியா?
கட்டத்தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓட்டை.

பொட்டலத்தைச் சுருட்டிப் போட எடுத்தேன்.
நேற்று ராத்திரியும் அவன் வைத்த பாகற்காய்,
ஒதுக்கின ஞாபகம் இருக்கிறது.
காகிதத்தில் மஞ்சள் எண்ணெய்தான் மிச்சம்.
எப்போது தின்றேன்?

பதினெட்டு மெலிந்து போயிருக்கிறது.
விதிப்படி வேறு கீரை கொடுக்கக் கூடாது.
இலை முழுசாக, வெட்டியபடியே இருக்கிறது.
தட்டை விளக்குப் பக்கம் நகர்த்தியதும்
விளிம்பு வரை வந்தது,
தொட்டது,
தலையைத் தூக்கியது.

பூஜ்யம் என்று எழுதினேன்.
இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.