உள்ளளவும்

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை
மெய்ன் மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில்
சாலைக்கு உப்பிடுகிறார்கள்,
நாங்கள் சறுக்கிச் சாகக் கூடாதென்று.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
என் வண்டிதான்,
அடிவயிறெல்லாம் பொருக்குப் பொருக்காய்.

செவ்வாய்க்கிழமை
பாலத்துக்கு இறங்கும் சரிவில் மிதித்தேன்.
பெடல் மறுத்துப் பேசவில்லை,
ஈரச் சேற்றில் கால் வைத்தது போலத்
தரைவரை போனது.
கீழே சிவப்பு விளக்கு. அதன் அடியில்
பள்ளிப் பேருந்தின் மஞ்சள் முதுகு.
கைபிரேக்கை இழுத்தேன், கியரைக் குறைத்தேன்.
ஓரத்துப் பனிக்குவியலில்
முகத்தைப் புதைத்து நின்றது வண்டி.
வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
பேருந்தின் பின்கண்ணாடியில் ஒரு பையன்
நாக்கை நீட்டினான்.
நானும் நீட்டினேன்.

பழுதுபார்க்க ரோசேர் எழுதிக் கொடுத்த கணக்கு
வண்டியின் விலையைவிட
நூற்று நாற்பது டாலர் அதிகம்.
"ஒன்றை மட்டும் மாற்றாதே.
உடைந்தது முதலில் உடைந்தது, அவ்வளவுதான்.
மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிறது."

செம்பும் நிக்கலும் கலந்த குழாய் ஒரு சுருள் வாங்கினேன்.
மெர்வின் தன் காலி உருளைக்கிழங்குக் கிடங்கைத் திறந்துவிட்டான்.
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்தேன்.
கண்ணில் துரு, காதில் துரு.
முளைவிட்ட கிழங்கின் வாசனை.

வெளியே தெரிந்த குழாய்
சிவந்து போயும் முழுசாகத்தான் இருந்தது.
கிளிப் இறுகப் பிடித்திருந்த இடத்தில்,
சேறும் உப்பும் காயாமல் கிடந்த
அந்த அரை அங்குலத்தில்
விண்டிருந்தது.

நட்டுக்கு எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன்.
சுடவைத்தேன். மறுபடி எண்ணெய்.
ஸ்பேனர் ஆறு மூலைகளையும் வழித்துக்கொண்டு வந்தது.
எங்கள் பிரெஞ்சில் வசவெல்லாம்
தேவாலயத்துச் சாமான்கள்.
பீடம், கிண்ணம், அப்பம் என்று
ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தேன்.
நாலாவது நாள் நட்டு அசைந்தது.

இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
மெர்வின் சந்தைக்குப் போயிருந்தான்.
அப்போது வந்தாள் வெர்னா,
லூசியனோடு இப்போது இருப்பவள்.
பனி தள்ளும் இயந்திரம்
விவாகரத்துத் தாளின்படி அவனுடையது.
எடுத்துப் போக இவளை அனுப்பியிருந்தான்.

"ஏறு" என்றேன்.
"எதில்?"
"வண்டியில். பூட்ஸிலிருக்கும் பனியைத் தட்டிவிட்டு ஏறு."

மூன்று சொல்தான். மிதி. பிடி. விடு.
நான் விடச் சொல்லும்வரை விடாதே,
போன காற்று திரும்பி வந்துவிடும்.

ஜாம் பாட்டிலில் குழாயின் நுனி.
மிதி.
"மிதிச்சாச்சு."
பிடி.
"பிடிச்சிருக்கேன்."
தேநீர் நிறத்தில் குமிழ் குமிழாய் வந்தது
எட்டு வருஷத்து அழுக்கு.
விடு.
மிதி.

மூன்றாவது சக்கரத்தில், மேலிருந்து
அதே குரலில் கேட்டாள்:
"ராத்திரி எழுந்து சமையலறையில் நிற்கிறான், ஒதீல்.
விளக்கும் போடுவதில்லை.
உன்னோடு இருந்தபோதும் இப்படியா?"

பாட்டிலில் ஒரு சின்னக் குமிழ்
மேலே வரலாமா என்று யோசித்தது.
வந்தது.
திருகை மூடினேன்.
"விடு" என்றேன்.

காலை எடுத்தாள்.
கேள்வியையும் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து, "சரி,
அப்போ அப்படித்தான்" என்றாள்.

நாலாவது சக்கரத்தில்
தேன் நிறத்தில் தெளிவாய் இறங்கியது.
"கல்லு மாதிரி இருக்கு" என்றாள் பெடலை மிதித்து,
ஏதோ அவளே வார்த்தது போல.
முன்பக்கக் குழாய்கள் இன்னும் பழசுதான் என்று
நான் சொல்லவில்லை.
மார்ச் வரட்டும்.

இயந்திரத்தை இருவருமாய்த் தூக்கி
அவள் காரின் பின்னால் திணித்தோம்.
கதவு மூடவில்லை. கயிறு கட்டினோம்.
சாலையில் உப்பு லாரி
சிதறிக்கொண்டே போனது, எங்கள் காலிலும் கொஞ்சம்.

அவள் கிளம்பவில்லை.
தன் காரின் பின்சக்கரத்தை
பூட்ஸ் முனையால் தட்டினாள்.
வளையத்துக்குக் கீழே, பனியில்,
ஒரு காசளவு ஈரம்.

அட்டை இன்னும்
விரித்தபடியே கிடந்தது.