நாலு கேலன் டின்

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் தைல மண்டி.
என் வேலை பெருக்கல்.
கேலனுக்கு நாலு புள்ளி ஐந்து நான்கு ஆறு.
நஞ்சி கொண்டுவருவது நாலு கேலன் டின்,
அடியில் முத்திரை இன்னும் தேயவில்லை.
கால்குலேட்டர் சொல்கிறது
பதினெட்டு புள்ளி ஒன்று எட்டு நான்கு.
முதலாளி ஷாபுதீன் சொல்கிறார்
பதினெட்டு.

புள்ளிக்கு அந்தப்பக்கம் நிற்பதை
நாற்பது டின்னுக்கு ஒருநாள் கூட்டிப் பார்த்தேன்.
ஏழு லிட்டரும் சொச்சமும்.
தாளைக் கிழித்துப் போட்டேன்.

குளிர் வேறு இருக்கிறது.
விடியலில் அளந்தால்
எண்ணெய் உடம்பை ஒடுக்கிக்கொண்டிருக்கும்.
அதே எண்ணெய் லாரியேறி
மேட்டுப்பாளையம் வெயிலில் இறங்கும்போது
கொஞ்சம் வளர்ந்திருக்கும்.
அந்த வளர்த்திக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

நேற்று அவள் வந்தது உச்சிப்பொழுது.
டின்னை வாசல் வெயிலில் வைத்துவிட்டு
சாவகாசமாக ஒரு பன் தின்றாள்.
மூடியைத் திறந்தாள். விளிம்புவரை தைலம்.
பைக்குள்ளிருந்து எடுத்தாள்
ஒரு பித்தளை ஆழாக்கு.

"இது உங்க கணக்குல எவ்வளவு?"
"நூத்தி அறுபத்தெட்டு மில்லி."
முதலாளி திரும்பிப் பார்க்குமுன் சொல்லியிருந்தேன்.

ஒரு முறை முகந்து
தன் சீசாவில் ஊற்றிக்கொண்டாள்.
"இப்ப பதினெட்டு. எழுதுங்க."

எழுதினேன்.
அந்த எண்ணை எழுதும்போது
கை இவ்வளவு லேசாக இருந்ததில்லை.

வாய் சும்மா இருக்கவில்லை:
"இன்னும் பதினாறு மில்லி நிக்குதே."

"அது உங்க மூக்குக்கு" என்றாள்.

மூன்று நாளாக அடைத்துத்தான் இருந்தது.