இரண்டாவது எடை

செமஸ்டர் விடுமுறைக்குப்
பகாவ் செம்பனை ஆலையில்
எடைப்பாலத்து வேலை.
நாளுக்கு அறுபது வெள்ளி,
ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக்,
குலைகள் வேகும் வாடை
தலைமுடி வேர்வரை.

லோரி சரக்கோடு ஏறும்: ஓர் எடை.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும்: இன்னொன்று.
கழித்தால் வருவது குலை.
கணக்கியல் டிப்ளோமா, முதலாண்டு என்றதும்
கிளார்க் அஸ்மான்
விளக்கத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஷா ஆலமுக்குப் போன அன்று
என்னை யாரும் நிறுக்கவில்லை.
ஒரு பெட்டி, ரைஸ் குக்கர்,
கணக்குக்கு ஏ பிளஸ்,
எதையும் ஒரு முறை கேட்டால் போதும்
என்கிற நினைப்பு.
தூக்கிப் பார்த்திருந்தால்
கடைசிதான் கனம்.

அங்கே கற்றது என்றால்
முதலில் துணி துவைக்கும் இயந்திரம்.
பழைய ஐம்பது காசைத் துப்பும்.
வெள்ளிக்கிழமை மதியம் வரிசை இருக்காது.
பிறகு, பகாவ் எங்கே என்பவர்களிடம்
"சிரம்பான் பக்கம்" என்று முடித்துவிடுவது
பொய்யில்லை, சோம்பல்.
வரைபடத்தைத் திறந்து காட்டத் தொடங்கியபோது
மார்ச் ஆகியிருந்தது.

அறைத்தோழி ரூத் காப்பிட்காரி.
அவள் ஊருக்கு முதலில் விமானம்,
அப்புறம் ஆற்றில் மூன்று மணி நேரம் படகு.
இரண்டரை மணிப் பேருந்துத் தூரத்துக்கு
நான் அழுத இரவில்
அவள் அதையெல்லாம் சொல்லவில்லை.
மெகி மீயை இரண்டாகப் பிரித்து
முட்டை இருந்த பாதியை
என் பக்கம் தள்ளினாள்.

புள்ளியியல் வகுப்பில்
புவான் ரொஹைடா "ஃபஹாம்?" என்று
கேட்கும்போதெல்லாம்
முதலில் ஆடிய தலை என்னுடையது.
பதினான்கு வாரம்.
கடைசி வரிசை யுகேஸ்வரன்
"புரியல, மறுபடி" என்று கை தூக்குவான்.
சிரித்தவர்களில் சத்தமாய்ச் சிரித்தவள் நான்.
அவனுக்கு பி பிளஸ்.

எனக்கு வந்தது கைப்பேசியில்.
எஃப்.
திரையை அணைத்தேன். திறந்தேன்.
அதே எஃப்.

வீட்டில் கேட்டார்கள்.
"எல்லாம் ஓகேப்பா."
மலாயில் ஆடிப் பழகிய தலை
தமிழிலும் ஆடியது.

அஸ்மானின் ஒரே எச்சரிக்கை இது:
முதல் எடைக்கு உள்ளே இருந்த ஓட்டுநர்
இரண்டாவதற்கும் இருக்கவேண்டும்.
இறங்கிவிட்டால் அவர் எழுபது கிலோவும்
குலைக் கணக்கில் ஏறிவிடும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
போனவளும் வந்தவளும்
ஒரே ஆள் இல்லையென்றால்
எதிலிருந்து எதைக் கழிப்பது?

வியாழன், நாலரை மணி.
மழை விட்டிருந்தது.
வரிசையில் மூன்றாவது அப்பாவின் லோரி.
முதல் எடை பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
கொட்டிவிட்டு வந்து நின்றார்.
மைக்கை அழுத்தினேன்.
லோரி எண்ணைச் சொல்லவேண்டிய இடத்தில்
சொன்னேன்:
"அப்பா, ஒரு பாடம் ஃபெயில்.
மறுபடி எடுக்கணும். பணம் கட்டணும்.
புரியலன்னு நான் ஒரு தடவகூடக் கேக்கல."

முற்றத்து ஒலிபெருக்கி
அதை எல்லோருக்கும் சொன்னது.
பின்னால் நின்ற லோரிக்காரர்களுக்கும்,
குலை பொறுக்கும் வங்காளதேசத்துப் பையன்களுக்கும்,
கூரைமேல் காகங்களுக்கும்.

அப்பா வைப்பரை ஒருமுறை ஓடவிட்டார்.
மழையே இல்லை.
பிறகு தலையை நீட்டி,
"இப்ப நான் எறங்கணுமா, இருக்கணுமா?"

"இருங்கப்பா.
வரும்போது இருந்தீங்கல்ல."

ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
நிகரம் பத்தாயிரத்து நானூற்று அறுபது.
ரசீதைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இரண்டு முறை ஹாரன் அடித்துப் போனார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.
வீட்டுக்குப் போய்க் கேட்பேன்.
புரியாவிட்டால்,
மறுபடியும்.