ஆகஸ்ட் மாதத்து டீசல்

துணியால் பானட்டைத் துடைத்தபடியே ஐலிஃப் சொன்னான்:
"கிர்க்கெனெஸில் விற்பனைக்கு நிற்கிற
கடைசி டீசல் பிக்கப் இதுதான்."
பெருமையாகச் சொன்னானா
துக்கம் விசாரிக்கிற குரலா, பிடிபடவில்லை.

நான் மாட்டு வைத்தியர்.
பாஸ்விக் பள்ளத்தாக்கின் கடைக்கோடித் தொழுவத்துக்குப்
போக நூறு கிலோமீட்டர், வர நூறு.
மைனஸ் இருபத்தொன்பதில் பேட்டரிக் காரின் எண்
மாதக் கடைசிச் சம்பளம் மாதிரிக் கரையும்.
இதை எனக்கு நானே
எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ!
மகள் கேட்டது ஒரே ஒரு முறை:
"ஏழு வருஷம் கழித்து அதை உன்னிடம் யாரம்மா வாங்குவார்?"
பாலத்தடி பங்க்கில் ஒரு பம்பைப் பிடுங்கிவிட்டார்கள்.
அங்கே வெள்ளைக் கம்பங்கள் நான்கு
தலையில் பச்சை விளக்கோடு.

"இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்" என்றான்.
வெதுவெதுப்பான கண்ணாடிக் கூடத்திலிருந்து
கல்யாண மாப்பிள்ளை போல் இறங்கி வந்தது வண்டி.

அன்றிரவே ஊட்னி கூப்பிட்டாள்.
கன்று குறுக்கே கிடக்கிறது.

பனியில் வழுக்காமல், முனகாமல் போனது,
அதைச் சொல்லியாக வேண்டும்.
தொழுவ வாசலில் நில்லாஸின் சின்ன மின்சாரக் கார்
சுவரோடு ஒயர் கோத்து நின்றது,
ஆறு சதவீதத்தில் வந்து சேர்ந்ததாம்.
பால் கறக்க வந்த பையன்
என் பக்கத்தில் மண்டியிட்டு விளக்குப் பிடித்தான்.
தோள்வரை கைவிட்டுத் தேடி
ஒரு குளம்பு, பிறகு இன்னொன்று.
மூன்று மணி நேரம்.
கன்று தும்மியது.

வெளியே வந்து சாவியைத் திருப்பினேன்.
இருமல். இன்னொரு இருமல்.
பிறகு அதுவும் இல்லை.

ஐலிஃப் மறந்திருக்கிறான்:
கோடையில் வந்த வண்டி அது.
டாங்க் நிறைய ஆகஸ்ட்.
குளிரில் கோடை டீசல்
நெய்க் கிண்ணம் மாதிரி உறைந்து கிடந்தது.

ஊட்னி வீட்டுக்குள் ஓடித் தன்
தலைமுடி உலர்த்தியை எடுத்து வந்தாள்.
தொழுவச் சுவரில் இருப்பதோ ஒரே பிளக்.
நில்லாஸ் ஒன்றும் பேசவில்லை.
பதினொரு சதவீதத்தில் தன் காரின் ஒயரை உருவி,
ஊட்னியின் நீட்டிப்பு ஒயரைச் செருகினான்.
நாற்பது நிமிடம்
டீசல் வடிகட்டிக்குச் சூடான காற்று காட்டினோம்,
ஆளுக்குப் பத்து நிமிடம்,
நான் இருமுறை.
சிரிக்கக்கூடாது என்று
பையன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

மறுநாள் ஐலிஃபிடம் விஷயத்தைச் சொன்னேன்.
காது சிவந்து
பத்தாயிரம் குரோனர் குறைத்தான்.
வாங்குகிறேன் என்று சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கடையில் நின்று
இருபத்தைந்து மீட்டர் நீட்டிப்பு ஒயர் ஒன்று,
குளிர் தாங்குகிற சிவப்பு ரகம்,
வாங்கிக்கொண்டேன்.
எந்த வண்டி வந்தாலும்
அது வேண்டியிருக்கும்.