மூன்றாம் சுற்றில், சுரங்கத்தில்

சிவப்புக் கார் சுரங்கத்துக்குள் நுழையும்.
பாதி நுழைந்ததும் நிற்கும்.
பின்சக்கரத்தில் எழுந்த புகை
எழுந்தபடியே இருக்கும்.
ஒலிபெருக்கியில் ஒரே ஒரு சத்தம்
இறக்கி வைக்க ஆளில்லாத கெண்டியின் விசில் போல
நீளும்.

பேரண்ட்ஸ் கடலில் முப்பத்தொன்றாம் நாள்.
கப்பலின் சாப்பாட்டு அறையில் ஐந்து பேர்
ரப்பர் பூட்ஸோடு நின்று திரையைப் பார்க்கிறார்கள்,
வலை கிழிந்து வந்ததைப் பார்ப்பது போல.

"மறுபடி ஹேங்" என்கிறான் ரெக்வி.
எல்லாக் கண்ணும் ஹோகுன் மேல்.
பத்தொன்பது வயது. ஆறு மணி நேரம் மீன் அறுப்பான்,
ஓய்வு ஆறில் நான்கைக்
கார் ஓட்டியே கழிப்பான்.
"தேய்ச்சே தீர்த்துட்டே" என்கிறார்கள்,
ஏதோ சோப்புக்கட்டியைச் சொல்வது போல.

நான் எஞ்சின் அறைக்காரி.
தேய்மானம்தான் எனக்குச் சோறு போடுகிறது.
பேரிங் தேயும், பிஸ்டன் வளையம் தேயும்,
என் வலது தோள் தேய்ந்திருப்பதைத்
தோர்ஷாவ்ன் டாக்டர் படமெடுத்துக் காட்டினார்.
சில்லுக்குள் ஓடும் மின்சாரம் எதை உரசும்?
உரசும்தான், அணு அணுவாய்.
அது தெரிய வருவதற்குள்
ஹோகுனுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

ரொட்டி பிசையும் மேசையில் வைத்துத் திறந்தேன்.
பதினான்கு திருகாணி. ஒன்று ஏற்கெனவே இல்லை.
விசிறியில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளம்:
எங்கள் ஸ்வெட்டர்கள் உதிர்த்த ஆட்டு ரோமம்,
அதில் ஒட்டிய ஒரு மீன் செதில்.
இரண்டு வருஷத்து எல்லோரும்
ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவு.
சில்லின் மேல் பூசியிருந்த பசை
சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
சுரண்டினேன், புதிதாய்த் தடவினேன், மூடினேன்.

கார் சுரங்கத்தைத் தாண்டியது!
ஹோகுன் என் தோளில் ஓங்கித் தட்டினான்,
அந்தத் தோளில்.

நான்கு நாள் கழித்து
அதே சுரங்கம்.

இந்தமுறை பலகையின் ஓரத்தைக்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போட்டேன்.
அழுத்தினால் உயிர் வந்தது,
எடுத்தால் போனது.
அடியில் எங்கோ ஒரு ஈயக் குமிழ்
மயிரிழை அகலம் விரிந்திருக்கிறது.
சூடேறினால் நீளும். ஆறினால் சுருங்கும்.
நீளும், சுருங்கும், நீளும்.
கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தால்
என்ன ஆகும் என்று
யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில்
கேப்டன் சீமுன் கைப்பட எழுதிய தாள்:
ஷிஃப்ட் முடிந்ததும் அணைக்கவும்.
அதற்கும் ஓய்வு வேண்டும்.

ஒரு நாளைக்கு நான்கு முறை.
ஒருவர் தவறாமல்
ஓய்வு கொடுத்திருக்கிறோம்.

பழைய கேஸ்கெட்டில் ஒரு துண்டு நறுக்கி
பலகைக்கு முட்டுக் கொடுத்தேன்.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்:
அணைக்காதே.
கேப்டன் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கும் சேர்த்துக் காபி ஊற்றினார்.

இருபது நாள் ஓடியது.
இரவில் நடைபாதையில் போகும்போது
விசிறிச் சத்தம் கேட்கும்,
பக்கத்து அறையில் யாரோ
தூங்காமல் புரண்டு படுப்பது போல.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் கயிறு கட்டியாயிற்று.
கரை மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும்.
மூன்று வினாடி இருட்டு, தவிர்க்க முடியாது.
"சொல்லிட்டுப் பண்ணுங்க" என்றான் ஹோகுன்,
இரண்டு கையையும் பெட்டியின் மேல் வைத்து,
சூட்டைப் பிடித்து வைத்துவிடலாம் என்பது போல.

ஒன்று. இரண்டு. மூன்று.
விளக்கு வந்தது.
பொத்தானை அழுத்த ஒருவரும் முன்வரவில்லை.
பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

துறையில் என் கணவன்
காரின் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான்.
ஐந்து வாரம் வீடு. அப்புறம் மறுபடி கடல்.
முதல் சில நாள் எங்களுக்குள் எப்போதும்
கொஞ்சம் கிறீச்சிடும்.
கதவைத் திறந்தேன். உள்ளே ஹீட்டர் சூடு.
பையைப் பின்சீட்டில் போட வலது கையைத் தூக்கினேன்,
இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.